குடம் எடுத்தால் 'டிடிங்': பழைய வீடியோ கேம் ஒலிகளை நாமே செய்வது எப்படி?

பழைய வீடியோ கேமில் ஆள் தாவும்போது ஒரு சத்தம் வருமே, கீழே இருந்து மேலே வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி 'ப்வீப்' என்று, அதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நிஜத்தில் ஒருவர் தாவினால் சத்தமே வராது. வந்தாலும் கீழே இறங்கும்போது 'தொப்' என்றுதான் வரும். ஆனாலும் 'என்னடா இது பொய்ச் சத்தம்' என்று யாரும் ஜாய்ஸ்டிக்கைப் போட்டுவிட்டு எழுந்து போனதில்லை. ஆள் மேலே போகிறான், சுருதியும் மேலே போகிறது. காது ஒத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

ரெட்ரோ கேம் ஒலியின் சூட்சுமம் மொத்தமும் இதற்குள் இருக்கிறது. அது நடந்ததை நகலெடுப்பதில்லை, நடந்ததைச் சொல்கிறது. அதுவும் அரை நொடிக்குள். இதைப் பிடித்துக்கொண்டால் எடிட்டரில் வரிசையாக நிற்கும் இருபதுக்கும் மேற்பட்ட ஸ்லைடர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. அவற்றில் ஆறேழு போதும். மீதியெல்லாம் அலங்காரம்.

எடிட்டர் என்று நான் சொல்வது எஸ்எஃப்எக்ஸ்ஆர் (sfxr) என்ற, கேம் ஒலிகளைச் செய்கிற சின்ன மென்பொருளையும் அதன் வாரிசுகளையும். லூடம் டேர் என்று ஒரு போட்டி உண்டு, 48 மணி நேரத்தில் ஒரு கேமை முழுசாகச் செய்து முடிக்க வேண்டும். அந்த அவசரத்தில் ஒலிக்கு யாருக்கு நேரம் இருக்கும்? அப்படித் தவிப்பவர்களுக்காக டாக்டர்பெட்டர் என்ற பெயரில் அறியப்படும் தோமஸ் பெட்டர்சன் 2007 டிசம்பரில், பத்தாவது லூடம் டேருக்கென்று இதை எழுதினார். பிறகு ஸ்டீஃபன் லாவெல் அதை விரிவாக்கி பிஎஃப்எக்ஸ்ஆர் (bfxr) என்று வெளியிட்டார். ஜேஎஸ்எஃப்எக்ஸ்ஆர் (jsfxr) என்ற பதிப்பு பிரௌசரிலேயே ஓடும், எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். மூன்றும் இலவசம். முதல்முறை தொடுபவர்கள் பிரௌசர் பதிப்பிலேயே ஆரம்பியுங்கள்.

இந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது

பாரிமுனைப் பக்கம் பர்மா பஜாரில் வாங்கிய டிவி கேம் பெட்டியில் கேசட்டை ஊதி ஊதிச் செருகி விளையாடியவர்களுக்கு இந்த ஒலிகள் அத்துப்படி. அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை நின்டெண்டோ 1983-ல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள். அசல் பெட்டியின் ஒலிச் சில்லில் (சிப்) மொத்தமே ஐந்து தடங்கள். இரண்டு சதுர அலைக்கு, ஒன்று முக்கோண அலைக்கு, ஒன்று இரைச்சலுக்கு. ஐந்தாவது, பதிவு செய்த சின்னச் சின்ன ஒலித்துண்டுகளுக்கு. பின்னணி இசை, தாவல், சுடுதல், வெடிப்பு எல்லாமே இந்த ஐந்துக்குள் அடங்க வேண்டும்.

அதனால்தான் அந்த ஒலிகள் அவ்வளவு குட்டையாக இருந்தன. ஆள் தாவினால் இசைக்குப் போன தடம் ஒன்றை அந்தச் சத்தம் பிடுங்கிக்கொள்ளும். அந்த நேரத்துக்குப் பாட்டில் ஒரு குரல் காணாமல் போயிருக்கும். சத்தம் நீண்டால் பாட்டு ஓட்டையாகிவிடும். ஆகவே சட்டென்று வந்து சட்டென்று போக வேண்டும். இன்றைக்கு நம் மொபைலுக்கு அந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை, ஆனால் அந்தச் சிக்கனத்தை விட்டால் ரெட்ரோ ருசியும் போய்விடும்.

இதில் ஒரு வேடிக்கை. சதுர அலை என்பது மின்சாரம் 'ஆன்', 'ஆஃப்' என்று மாறி மாறித் துடிப்பது. ஒரு சுற்றில் எவ்வளவு நேரம் 'ஆன்' என்பதை வைத்து அதன் குரல் மாறும். பாதிக்குப் பாதி, அதாவது 50 சதவீதம் என்றால் கொஞ்சம் குழிவான, உருண்டையான ஒலி. 25 என்றால் பளிச்சென்று இருக்கும். 12.5 என்றால் மூக்கால் பேசுகிற மாதிரி மெலிந்துவிடும். நகல் பெட்டிகள் பலவற்றின் சில்லில் இந்த 25-ம் 50-ம் இடம் மாறிப் போயிருந்தன. ஜப்பான் பையன் கேட்ட அதே கேமை நம் ஊர்ப் பையன் வேறு குரலில் கேட்டு வளர்ந்திருக்கிறான். அசல் ஒலியை இப்போது கேட்டு 'நம்ம வீட்ல இப்படி இல்லையே' என்று உங்களுக்குத் தோன்றினால், ஞாபகப் பிசகு என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஒரு தண்ணி லாரி கேம்

என் அக்கா பையன் தண்டையார்பேட்டையில் ஒன்பதாவது படிக்கிறான். கட்டங்களை அடுக்கியே நிரல் எழுதவைக்கும் ஸ்க்ராட்ச்சில் ஒரு கேம் செய்திருந்தான். தெருவுக்குத் தண்ணி லாரி வருகிறது. பையன் ஓட வேண்டும். வழியில் கிடக்கும் பிளாஸ்டிக் குடங்களைப் பொறுக்க வேண்டும், கால்வாயைத் தாவ வேண்டும், ஷேர் ஆட்டோவில் இடித்துக்கொள்ளக் கூடாது, லாரி கிளம்புவதற்குள் போய்ச் சேர வேண்டும். விளையாட நன்றாகவே இருந்தது, சத்தம்தான் ஒட்டவில்லை.

"மாமா, நிஜக் குடத்தையே தட்டி ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணேன். கேம்ல போட்டா என்னமோ உடைஞ்சா மாதிரி கேக்குது."

அவன் காது சரியாகத்தான் சொல்கிறது. காலிப் பிளாஸ்டிக் குடத்தைத் தட்டினால் 'டொக்'. அது மந்தமான, கீழ்நோக்கி அடங்குகிற சத்தம். 'கிடைத்தது' என்ற செய்தி அதில் இல்லை. எதையோ இழந்த மாதிரி இருக்கிறது. சரி, எடிட்டரைத் திறந்து நாமே செய்யலாம் என்று உட்கார்ந்தோம்.

திறந்ததும் இடப்பக்கம் முக்கியமாக ஏழு தயார் பட்டன்கள் இருக்கும்: காயின், லேசர், வெடிப்பு, பவர்அப், அடி, தாவல், பிளிப். ஒன்றை அழுத்தினால் அந்த வகையில் ஏதோ ஒரு ஒலி வரும், மறுபடி அழுத்தினால் வேறொன்று. பெரும்பாலானவர்கள் பிடித்தது வரும்வரை இதை அழுத்திக்கொண்டே இருந்துவிட்டு, சேமித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். போட்டி நேரத்தில் அது தப்பில்லை. ஆனால் கற்றுக்கொள்ள வந்தவர் ஒருமுறையாவது லோபாஸ் ஃபில்டர் கட்டாஃபைத் தவிர (அதைப் பூஜ்யமாக்கினால் சத்தமே வராது) மற்ற எல்லா ஸ்லைடரையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து தானே கட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் அலை வடிவம். சதுரத்தைப் பார்த்துவிட்டோம். சதுரத்துக்கான 'டியூட்டி' ஸ்லைடர் பூஜ்யத்தில் இருந்தால் 50 சதவீதம், பாதியில் 25, முக்காலில் 12.5. ரம்பப் பல் வடிவம் கரகரப்பானது, கோபமான குரல். சைன் அலை மொழுமொழுவென்று இருக்கும், ரெட்ரோ காரம் அதில் குறைவு. நான்காவது இரைச்சல், சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் வருகிற 'சொய்ங்' மாதிரி. குடம், தாவலுக்குச் சதுரம். இடி, வெடிக்கு ரம்பமோ இரைச்சலோ. வேறு யோசனை வேண்டாம்.

அடுத்தது ஒலியின் அளவு எப்படி எழுந்து எப்படி அடங்குகிறது என்பது. அட்டாக் என்பது ஏறும் நேரம், சஸ்டெய்ன் நிற்கும் நேரம், டிகே அடங்கும் நேரம். கேம் ஒலியில் அட்டாக்கைப் பூஜ்யத்திலேயே விட்டுவிடுங்கள். பட்டனைத் தட்டிய கணமே சத்தம் வராவிட்டால் கை ஏமாந்துபோகும், கேமே மந்தமாக இருப்பதாகத் தோன்றும். சஸ்டெய்ன் கொஞ்சம், டிகே அதைவிட அதிகம். கூடவே 'பஞ்ச்' என்று ஒன்று இருக்கும். ஒலி ஆரம்பிக்கும்போது மட்டும் ஒரு கூடுதல் அழுத்தம் கொடுக்கும். காசு, அடி இரண்டுக்கும் இது கட்டாயம் வேண்டும்.

இங்கே புதியவர்கள் தடுமாறும் ஓர் இடம் உண்டு. ஸ்லைடர் பாதியில் நின்றால் நேரமும் பாதி என்று நினைத்துக்கொள்கிறார்கள். எஸ்எஃப்எக்ஸ்ஆரின் கணக்கு வர்க்கத்தில் ஓடுகிறது. டிகேயை முழுக்கத் தள்ளினால் ஏறத்தாழ 2.27 நொடி. பாதியில் நிறுத்தினால் அதில் கால்வாசி, சுமார் 0.57 நொடி. இடது ஓரத்தில் ஒரு நூல் நகர்த்தினால் பெரிதாக ஒன்றும் ஆகாது, வலது ஓரத்தில் அதே நூல் சத்தத்தை இழுத்துக்கொண்டு போய்விடும். ஒரு காசு ஒலிக்கு டிகே பாதியைத் தாண்ட அவசியமே வராது.

மூன்றாவதுதான் உயிர்: சுருதியும் அது நகரும் திசையும். ஸ்டார்ட் ஃப்ரீக்வென்சி ஆரம்பச் சுருதி. ஸ்லைடு அதை மேலேயோ கீழேயோ வழுக்கவிடும். மேலே போனால் நல்லது, தாவல், வளர்ச்சி. கீழே போனால் அடி, சாவு, தோல்வி. இதை எந்தப் பையனுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று வயசுக் குழந்தைகூடச் சரியாகச் சொல்லும்.

நான்காவது 'சேஞ்ச்'. வழுக்குவதற்குப் பதிலாக ஓர் இடத்தில் சுருதி டக்கென்று ஒரு படி குதிக்கும். எவ்வளவு குதிக்க வேண்டும், எத்தனை சீக்கிரம் குதிக்க வேண்டும் என்று இரண்டு ஸ்லைடர்கள். உலகத்திலேயே அதிகம் கேட்கப்பட்ட கேம் ஒலிகளில் ஒன்றான சூப்பர் மரியோ பிரதர்ஸ் காசு இந்த ஒரே தந்திரத்தில் நிற்கிறது. 1985-ல் வந்த கேம் அது. காசு எடுத்தால் முதலில் சுமார் 988 ஹெர்ட்ஸில் ஒரு சின்னத் தட்டு, உடனே 1319 ஹெர்ட்ஸுக்குக் குதித்து அங்கேயே கரைந்துவிடும். இரண்டுக்கும் உள்ள விகிதம் 3-க்கு 4. நம் கணக்கில் ச பாடி சுத்த மத்யமத்துக்கு எட்டுவது.

எடிட்டரில் இதை அப்படியே கட்டிவிடலாம். சதுர அலை. ஸ்டார்ட் ஃப்ரீக்வென்சியைப் பாதிக்கு ஒரு பொட்டு மேலே, 0.53 அளவில் வையுங்கள். சேஞ்ச் அளவையும் நடுக்கோட்டிலிருந்து வலப்பக்கம் 0.53-க்குத் தள்ளுங்கள். வேகம் 0.6. முதல் ஸ்வரம் சுமார் 0.07 நொடி ஒலித்துவிட்டு அடுத்ததற்குத் தாவும். சஸ்டெய்ன் 0.1, பஞ்ச் 0.4, டிகே 0.4. பிளே அழுத்துங்கள். மரியோ வந்துவிடுவார்.

ஆனால் நம் கேமுக்கு மரியோ காசு எதற்கு? குடத்துக்கு அதைவிடக் கொஞ்சம் கீழான, உருண்டையான குரல் வேண்டும். ஸ்டார்ட்டை 0.4-க்கு இறக்கினோம். சேஞ்ச் அளவை 0.61-க்கு ஏற்றினோம், அப்போது குதிப்பு ச-விலிருந்து ப-வுக்குப் போகிறது. டியூட்டி பூஜ்யம், அதாவது 50 சதவீதம். 'டொடொங்' என்று வந்தது. பிளாஸ்டிக் குடம் ஆயுளில் எழுப்பாத சத்தம். பையன் மறுபேச்சு பேசாமல் தன் ரெக்கார்டிங்கை அழித்துவிட்டான்.

தாவல் சுலபம். சதுரம், ஸ்டார்ட் 0.35, ஸ்லைடு வலப்பக்கம் 0.2, சஸ்டெய்ன் 0.2, டிகே 0.2. சேஞ்ச் வேண்டாம். ஆள் எவ்வளவு நேரம் அந்தரத்தில் இருக்கிறானோ அதற்குள் சத்தம் முடிந்துவிட வேண்டும், அது ஒன்றுதான் விதி.

ஷேர் ஆட்டோ இடிக்கு ரம்ப அலையை எடுத்து ஸ்லைடை இடப்பக்கம் 0.4-க்குத் தள்ளினோம். 'பியூவ்' என்று கவிழ்ந்தது, ஆனால் வலி தெரியவில்லை. அலையை இரைச்சலுக்கு மாற்றியதும் 'ட்ஷ்க்' என்று சரியாக விழுந்தது. இரைச்சலிலும் சுருதி ஸ்லைடர் வேலை செய்யும், பலருக்கு இது தெரிவதில்லை. எடிட்டர் ஒவ்வொரு சுற்றுக்கும் 32 எண்களைக் கண்டபடி போட்டு இரைச்சலை உருவாக்குகிறது. சுற்று மெதுவானால் இரைச்சல் தடித்து உறுமும், வேகமானால் மெலிந்து சீறும். இரைச்சலைக் கீழே வழுக்கவிட்டு டிகேயை 0.6 வரை நீட்டினால் அதுவே வெடிப்பு.

அதிகம் நேரம் எடுத்தது லாரி ஹாரன். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் பின்னால் நின்று அடிப்பார்களே, அந்த இரட்டைக் குரல். எடிட்டரில் ஒரே நேரத்தில் ஒரு குரல்தான் வரும். தடம் போதாத காலத்தில் சில்லு இசைக்காரர்கள் கண்டுபிடித்த வழி ஒன்று இருக்கிறது: இரண்டு ஸ்வரங்களையும் ஒன்றாக ஒலிக்க முடியாவிட்டால், மாற்றி மாற்றி மிக வேகமாக ஒலிப்பது. காது இரண்டையும் சேர்த்துக்கொள்ளும். ஆனால் சேஞ்ச் ஒருமுறைதான் குதிக்கும். அதைத் திரும்பத் திரும்பக் குதிக்க வைக்க 'ரிப்பீட்' ஸ்லைடர். அது சுருதியை மட்டும் ஆரம்பத்துக்குத் திருப்பிக்கொண்டே இருக்கும், ஒலியின் அளவு தன் போக்கில் அடங்கிக்கொண்டு போகும். சேஞ்ச் வேகம் 0.65, ரிப்பீட் 0.5 என்று வைத்தால் இரண்டு ஸ்வரமும் ஏறத்தாழச் சம நேரம் பெறும். ரிப்பீட்டைச் சேஞ்ச் வேகத்தைவிட மேலே வைத்தீர்களோ, இரண்டாவது ஸ்வரம் வருவதற்குள்ளேயே சுருதி திரும்பிவிடும், ஒரே குரல்தான் கேட்கும். ரம்ப அலையில், சஸ்டெய்னைப் பாதிக்கு மேல் ஏற்றி, இதைப் போட்டதும் லாரி வந்துவிட்டது.

வைப்ரேட்டோ, ஃபேசர், ஃபில்டர் எல்லாம் மிச்சம் இருக்கின்றன. வைப்ரேட்டோ சுருதியை நடுங்கவைக்கும், பறக்கும் தட்டுக்கு நன்றாக இருக்கும். ஃபேசர் வெடிப்புக்கு ஒரு சுழற்சி கொடுக்கும். கீழ்ச் சுருதியை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டரைச் சற்றே ஏற்றினால், மெனுவில் நகரும்போது வரும் குட்டி பிளிப்புகள் சுத்தமாகும். இப்போதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

கேமுக்குள் போட்ட பிறகு

ஹெட்போனில் அருமையாக இருந்த வெடிப்பு, ஃபோன் ஸ்பீக்கரில் 'புஸ்' என்று போய்விடும். சின்ன ஸ்பீக்கருக்குக் கீழ்ச் சுருதியைத் தள்ளும் தெம்பு கிடையாது. அந்த உறுமலில் பெரும்பகுதி வெளியே வரவே வராது. ஆகவே எந்த ஒலியையும் கடைசியில் ஃபோனிலேயே போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து, தெருச் சத்தத்துக்கு நடுவே கேளுங்கள். காணாமல் போனால் சுருதியை ஏற்றுங்கள். ஒலியளவை ஏற்றுவதால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது.

இன்னொரு சோதனை, எனக்குப் பிடித்தது. வீட்டில் யாரையாவது கண்ணை மூடச் சொல்லி ஒலிகளை ஒவ்வொன்றாகப் போடுங்கள். 'நல்லது நடந்ததா, கெட்டதா?' என்று மட்டும் கேளுங்கள். அக்காவுக்கு வீடியோ கேமே பிடிக்காது. சமையலறையிலிருந்தபடியே எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள், ஹாரனைத் தவிர. அதற்கு மட்டும், "தண்ணி வந்துடுச்சா?" என்று எட்டிப்பார்த்தாள். அதைவிட நல்ல மதிப்பெண் கிடைக்காது.

ஒலியளவில் ஒரு கண் வையுங்கள். எந்தச் சத்தம் அதிகம் வருமோ அது எல்லாவற்றையும்விடக் குட்டையாகவும் சன்னமாகவும் இருக்க வேண்டும். குடம் நிமிடத்துக்கு முப்பது தடவை வரும், கேம் ஓவர் ஒரு தடவை. இரண்டையும் ஒரே அளவில் வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார்.

சேமிக்கும்போது வேவ் கோப்பு கிடைக்கும். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட்டில் 0.3 நொடி ஒலி சுமார் 26 கேபி. 22,050 ஹெர்ட்ஸ், 8 பிட்டுக்கு இறக்கினால் ஆறரை கேபிதான், கொஞ்சம் மண் ஒட்டிய மாதிரி கரகரப்பும் வரும். ரெட்ரோவுக்கு அது குறையே இல்லை. வேவ் கோப்போடு ஸ்லைடர் அமைப்புகளையும் தனியாகச் சேமித்துவையுங்கள், வேவிலிருந்து பின்னோக்கிப் போய் ஸ்லைடர்களை மீட்க முடியாது.

ஒரே குடச் சத்தம் வரிசையாக வந்தால் சலிக்கும். அதற்கு எடிட்டரில் 'மியூட்டேட்' பட்டன் உண்டு, ஒலியை லேசாக அசைத்து அண்ணன் தம்பி போல நாலைந்தைத் தரும். ஆனால் ஸ்க்ராட்ச்சில் இதைவிட நல்ல வழி இருக்கிறது. சத்தப் பகுதியில் பிட்ச் விளைவை மாற்றும் கட்டம் ஒன்று உண்டு, அதில் 10 என்பது ஓர் அரை ஸ்வரம். ஒவ்வொரு குடத்துக்கும் 10 ஏற்றிக்கொண்டே போனால் வரிசையாக ஐந்து குடம் எடுக்கும்போது சத்தம் படிப்படியாக மேலேறும், பையன் ஆறாவதை விடவே மாட்டான். ஒன்றைத் தவறவிட்டால் பிட்ச்சை மறுபடி 0-க்குக் கொண்டுவந்துவிடுங்கள்.